திருப்பி அடிக்காதவர்கள்

கிணற்றடியில் ஜம்பால் தோர்லிக்கைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். யாஞ்சின் ஜீப்பை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள். வடகாற்று பனித்தூளையும் மணலையும் சேர்த்து வாரி அவள் முகத்தில் அடித்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒட்டகங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. தொட்டி ஓரத்துப் பனிக்கட்டியில் இரத்தம் சிதறியிருந்தது.

"அண்ணே, விடுண்ணே! செத்துரப் போறான்!"

"சாகட்டும்! இவனாவது எனக்கு முந்திப் போகட்டும்!"

தோர்லிக் ஒன்றும் நோஞ்சான் இல்லை. ஜில்லா மல்யுத்தத்தில் ஜம்பாலையே ஒருமுறை மண் கவ்வ வைத்தவன். இரண்டு குடும்பத்துக்கும் இந்தக் கிணற்றுச் சண்டை ஜம்பாலுக்குக் கல்யாணம் ஆன காலத்திலிருந்து நடக்கிறது. போன வருடம் இதே இடத்தில் ஜம்பாலின் முன்பல் இரண்டைத் தட்டிவிட்டவனும் அவன்தான். அப்பேர்ப்பட்டவன் இன்றைக்குக் கையைத் தலைக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். உதடு கிழிந்து தொங்கியது.

"அடிச்சாச்சா அண்ணே? ஆச்சுன்னா சொல்லு. ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டணும்."

"ஏலே, என் பல்லைப் பேத்தியேலே! அந்தக் கையி எங்கலே போச்சு? அடிலே! நாய்க்குப் பொறந்தவனே, எந்திரிச்சு அடிலே!"

"எதுக்குண்ணே? நீ நல்லா இரு."

இந்த ஒரு சொல்தான் வினை. ஜம்பால் காலை ஓங்கி அவன் விலாவில் உதைத்தான். யாஞ்சின் அண்ணனின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தாள். அவன் அங்கிக்குள் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. வசந்தத்தில் இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத ஆள் அவன்.

விஷயம் இதுதான். பனி உருகுகிற பருவத்தில் ஜம்பாலுக்கு வலது விலாவுக்குக் கீழே நோவு கண்டது. ஜில்லா ஆஸ்பத்திரியில் பழைய ஸ்கேன் மிஷின் ஒன்றை வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு, பெண்டாட்டி துல்மாவை உள்ளே கூப்பிட்டு, ஈரலில் புற்று, பெரிய கட்டி, கூட்டிப்போய் நல்லபடியாக வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே எல்லா டாக்டரும் அப்படித்தான். நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள், வீட்டாரிடம் சொல்வார்கள். வீட்டார் உறவுக்குச் சொல்ல, உறவு ஊருக்குச் சொல்ல, ஊரில் தெரியாத ஒரே ஆள் நோயாளி மட்டும்தான்.

ஜம்பால் அதைத் தெரிந்துகொண்டது கம்பளி கத்தரித்த அன்றைக்கு விருந்தில். தோர்லிக் வெந்த ஆட்டின் கொழுத்த வாலில், மதிப்புக்குரியவர்களுக்கு மட்டும் கொடுக்கிற பாகத்தில், பெரிய துண்டாக அறுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, அவனிடம் நீட்டினான். ஜம்பால் அந்தத் துண்டைப் பார்த்தான். சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். மறுநாள் தன் செவலைக் குதிரையில் ஏறி மேட்டுக்குப் போனான், இறங்கினான், அதன் நெற்றியில் துப்பாக்கியை வைத்துச் சுட்டுவிட்டான். பந்தயத்தில் ஜெயித்த குதிரை, குட்டியிலிருந்து கையால் பால் கொடுத்து வளர்த்தது. தனக்கப்புறம் ஒருத்தனும் அதன்மேல் ஏறக்கூடாதாம். அதன் தலையை அறுத்து, அருமைக் குதிரைக்குச் செய்கிற வழக்கப்படி, மேட்டுக் கற்குவியலின் மேல் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான். அன்றிலிருந்து, யார் தன்னிடம் அன்பாகப் பேசினாலும் அவர்களை அடித்தான். அடிபட்டவர்களோ பாவம், சாகப்போகிறவன் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்காக இன்னும் அடித்தான்.

யாஞ்சின் தலைநகரத்தில் ஈரல் புற்று ஆராய்ச்சி செய்கிறவள். அந்த நாட்டில் எந்தக் கூடாரத்துக்குள் போனாலும் அலமாரி மேல் ஈரல் நோவில் போன ஒருத்தரின் படம் இருக்கும். கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போதே படத்தில் கண்டுபிடித்துவிட்டால் ஊசியை உள்ளே விட்டுச் சூட்டால் சுட்டுப் பொசுக்கிவிடலாம் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஸ்கேன் பெட்டியை ஜீப்பில் போட்டுக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போய் மேய்ப்பர்களைப் படுக்கவைத்துப் பார்க்கிறாள். கோடை முழுக்க மேற்கு ஜில்லாக்களில் சுற்றினாள். சொந்த அண்ணன் வீட்டுக்கு வர மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஈரலைத் தன் கண்ணால் பார்க்கப் பயந்தாள். பார்க்காவிட்டால் அண்ணன் போய்விடுவான் என்ற பயம் அதைவிடப் பெரிதாக வளர்ந்த பிறகுதான் வந்தாள். வெட்டி எடுக்க முடிகிற அளவுக்கு நல்ல ஈரல் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் போதும், அறுவை மேசையில் ஏற்றிவிடலாம். அதற்கு முதலில் இந்த மனுஷன் படுக்க வேண்டும்.

கூடாரத்துக்குள் அடுப்பில் சாணி வறட்டி கனன்றது. துல்மா பால் விட்ட உப்புத் தேநீரைக் கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றி ஆற்றினாள். அவள் கன்னத்தில் மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றிப்போன ஒரு தடம். யாஞ்சின் அதைப் பார்ப்பதைப் பார்த்து தலைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்ன மதினி இது?"

"ஆடை கட்டின பாலை அவருக்குன்னு எடுத்து வச்சேன். அது குத்தமாப் போச்சு."

"எடுத்து வச்சா? முன்னயெல்லாம் எனக்கு அடி வண்டல்தானே ஊத்துவே?" என்றான் ஜம்பால். "இப்பம் மட்டும் என்னத்துக்கு ஆடை? ராசாவா நான்? ஏ பிள்ளே யாஞ்சின், நீ மட்டும் என்னவாம்? பூட்ஸ் அனுப்பினியே, நல்ல தோல் பூட்ஸ். பொறந்ததிலேருந்து எனக்கு ஒரு சாக்ஸ் வாங்கித் தந்திருப்பியா நீ? தேன் வேற! நான் என்ன கரடியா?"

"அண்ணே, ஒரே ஒரு தடவை படு. பார்த்துட்டுப் போயிடறேன்."

"தங்கச்சியா வந்தியா, தேத்தண்ணி குடி, போ. அந்தப் பெட்டியைத் திறந்தே, எடுத்து அடுப்புல போட்டுருவேன்."

"போடு. கவர்மெண்டு பெட்டி. ஜெயில்ல போடுவான். ஜெயில்ல ஒருத்தனும் ஆடை கட்டின பால் தரமாட்டான், உனக்கு அதுதானே வேணும்?"

ஜம்பால் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு விலாவில் குத்தியிருக்க வேண்டும், முகம் கோணியது. "என் மூஞ்சிக்கு நேர சொல்ல உங்கள்ல ஒருத்தருக்காவது துப்பு இருந்துதா? நீ டாக்டரு. இவ பெண்டாட்டி. பொய்யாச் சிரிச்சுச் சிரிச்சுக் கொன்னீங்களே! நானா இருந்தா சொல்லியிருப்பேன். இவளுக்கு வந்திருந்தா, இந்தா பாருடி, உனக்குச் சாவுன்னு மூஞ்சிக்கு நேர சொல்லியிருப்பேன்."

துல்மா கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் குளிர்கால இறைச்சிக்கு ஆடு அறுக்கும் நாள். காற்று ஓயவில்லை. கூடாரத்தின் மறைவில் பழைய கம்பளியை விரித்தார்கள். தோலுரித்த ஆடுகள் வரிசையாக விறைத்துக் கிடந்தன. துல்மா குடலை உருவி, பிதுக்கி, வெந்நீர்த் தொட்டியில் அலசினாள். அவள் விரல்கள் குளிரில் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தன. யாஞ்சின் இரைப்பையைக் கழுவிக் கொடுத்தாள். நாய்கள் கூடாரத்தைச் சுற்றி உறுமிக்கொண்டு அலைந்தன. கெட்டுப்போன ஈரல் எது கிடைத்தாலும் ஜம்பால் அவற்றின் பக்கம் வீசினான்.

"அண்ணே, இன்னைக்காவது படு."

ஜம்பால் கத்தியைத் துடைத்தான். பொட்டைக் கிழட்டு ஆடு ஒன்றை இழுத்து மல்லாத்திப் போட்டான். "இந்தா. இதை நீ அறு. அறுத்தீன்னா நான் படுக்கேன்."

"ஐயையோ, பொம்பளை ஆடு அறுக்கவா? கேட்டாச் சிரிக்குமே ஊரு!" என்றாள் துல்மா.

"அதுதான். ஊர் உலகத்து ஈரலையெல்லாம் பார்க்கிறாளே. ஒரு ஆட்டு நெஞ்சுக்குள்ளே கை விடட்டும்."

அங்கே கழுத்தை அறுப்பதில்லை; நெஞ்சைக் கீறிக் கையை விட்டு, உள்ளே இரத்தக்குழாயை அறுப்பதுதான் முறை. அவள் மாட்டாள் என்று அவனுக்கு நிச்சயம். யாஞ்சின் கையுறையைக் கழற்றிவிட்டுக் கத்தியை வாங்கினாள். ஆட்டின் முன்னங்கால்களைத் தன் முழங்காலால் அமுக்கிக்கொண்டு நெஞ்சுக்குழிக்குக் கீழே கீறினாள். கீறல் சின்னதாகப் போய்விட்டது. ஆடு திமிறியது. பின்னங்குளம்பு பறந்து வந்து அவள் வாயில் அடித்தது. பல் பட்டு உதடு கிழிந்தது. கத்தியை இன்னும் அழுத்தினாள், கையை நுழைத்தாள், முழங்கை வரை உள்ளே போனாள். கொதிக்கிற சூடு. நுரையீரல் அவள் கையைத் தள்ளியது. இருதயம் விரல்மேல் இடித்தது. முதுகெலும்பை ஒட்டி ஓடுகிற பெரிய இரத்தக்குழாயைத் தேடிப் பிடித்தாள். வழுக்கியது. மறுபடி பிடித்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே இழுத்து அறுத்தாள். ஆடு ஒருமுறை விறைத்து அடங்கியது.

அவள் கையை வெளியே எடுத்தபோது முழங்கைவரை சிவப்பாக இருந்தது. மீதியை ஜம்பாலே உரித்தான், வயிற்றைத் திறந்தான். ஈரல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நீர்க்கொப்புளம். "சீ, இதுவும் கெட்டது" என்று நாய்களிடம் வீசிவிட்டு, கூடாரத்துக்குள் போய்ச் சட்டையைக் கழற்றிப் படுத்தான்.

யாஞ்சின் அவசரமாகக் கையைக் கழுவினாள். ஜீப்பிலிருந்து கம்பி இழுத்துப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினாள். அண்ணனின் விலாவில் பசையைத் தடவி, கருவியை வைத்தாள். முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு எப்படிப் பார்ப்பது, திறந்தாள்.

பெரிய உருண்டை, ஆப்பிள் அளவுக்கு. கருவியைச் சாய்த்தாள். உருண்டைக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள், தேனடையின் அறைகள் மாதிரி. நடுவே கிழிந்த துணி மடிந்து கிடப்பதைப்போல ஒரு வெள்ளைச் சுருள். இரத்த ஓட்டம் காட்டுகிற பொத்தானை அழுத்தினாள். புற்று இரத்தம் குடிக்காமல் வளராது. இதற்குள் ஒரு சொட்டு ஓட்டம் இல்லை. இரத்தம் போகிற இடமெல்லாம் வெளுத்துக் காட்டுகிற ஊசி மருந்தைப் போட்டுப் பார்த்தாள். நல்ல ஈரல் பளிச்சென்று வெளுத்தது, உருண்டை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

"என்ன பிள்ளே? வாயைத் திறந்து சொல்லு!"

யாஞ்சின் எழுந்து வெளியே ஓடினாள். கறுப்பு நாய் அந்த ஈரலைக் காலுக்கு அடியில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. யாஞ்சின் சாணிக்கூடையை எடுத்து அதன் முதுகில் போட்டு அடித்தாள். அது பாய்ந்து அவள் சட்டைக்கையைக் கவ்வியது. இன்னும் இரண்டு போட்டாள், விட்டது. மிஞ்சிய அரை ஈரலைப் பிடுங்கி, வெந்நீர்த் தொட்டியையும் கூடாரத்துக்குள் இழுத்துவந்து, அதில் போட்டாள். கருவியில் பிளாஸ்டிக் பையைச் சுற்றித் தண்ணீருக்குள் விட்டாள்.

"இவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றாள் துல்மா.

"அண்ணே, எந்திரிச்சு வா. திரையைப் பாரு. இது ஆட்டு ஈரல். இது உருண்டை, இது உள்ளே சுருள். இப்பம் இதைப் பாரு, இது உன் ஈரல்."

ஜம்பால் பார்த்தான். படித்தவன் இல்லை, ஆனால் ஆயிரம் ஈரலைக் கையில் எடுத்தவன். அவனுக்கு விளங்கிவிட்டது.

"எனக்கு ஆட்டு நோயா?"

"புத்து இல்லேண்ணே. புத்தே இல்லே! நாய்ப் புழு. கெட்ட ஈரலை நீ நாய்க்குப் போடறே. அது வயித்துல புழு வளருது. நாயைத் தடவின கையோட நாம சாப்பிடுறோம், புழு முட்டை உள்ளே போயிருது. அந்தப் பழைய மிஷின்ல கட்டி மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. வெட்டி எடுத்துரலாம். நீ சாகமாட்டே. ஆனா ஒண்ணு, அது தண்ணிப் பை. ஒரு குத்து விழுந்து உள்ளே உடைஞ்சா, அந்தத் தண்ணியே ஆளைக் கொன்னுரும். குதிரை ஏறக்கூடாது. சண்டைக்குப் போகக்கூடாது."

துல்மா தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள். ஜம்பால் சட்டையில்லாமல் வெளியே நடந்தான். அந்த நேரம் பார்த்துத் தோர்லிக் ஒரு தொடைக்கறியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது.

"அண்ணே, நல்ல கொழுப்புள்ள தொடை. உனக்குன்னு..."

"ஏலே, நான் சாகலியாம்லே."

தோர்லிக் யாஞ்சினைப் பார்த்தான். "நெசமாவா டாக்டரம்மா?"

"நெசம்தான். ஆபரேஷன் செஞ்சா நல்லாயிடுவான்."

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியும்."

தோர்லிக் தொடைக்கறியைப் பத்திரமாக ஒரு கல்லின்மேல் வைத்தான். சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டிவிட்டான். யாஞ்சினுக்குப் புரிந்துவிட்டது. "வயித்துல வேண்டாம்! தோர்லிக், வயித்துல மட்டும் வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அதற்குள் அறை விழுந்துவிட்டது. கோடையிலிருந்து சேர்த்துவைத்த அறை. ஜம்பால் சுழன்று சாணிக்குவியலின்மேல் விழுந்தான். யாஞ்சின் அவன் வயிற்றின்மேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டாள். அவனோ இரத்தமும் எச்சிலுமாகத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"அப்படிப் போடு! அப்படிப் போடுலே என் தங்கமே!"

"மிச்சம் இருக்கு. பையை வெட்டிட்டு வா, தாறேன்" என்றான் தோர்லிக். தொடைக்கறியை எடுத்துத் திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜம்பால் சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான். கண் மேட்டுப்பக்கம் போயிற்று. கற்குவியலின்மேல் குதிரைத்தலை, பறவை கொத்தின குழிகளோடு, வீட்டைப் பார்த்து இருந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"செவலையைக் கொன்னுட்டேனே, பிள்ளே. சும்மாவே கொன்னுட்டேனே." தலையில் அடித்துக்கொண்டு அழுதான்; அவன் இப்படி அழுது யாஞ்சின் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து துப்பாக்கியைத் தேடினான், நாய்களைச் சுட. அவள்தான் பிடுங்கிவைத்தாள். நாய்க்கு மாத்திரை கொடுத்தால் போதும், இனிமேல் ஈரலைப் புதைத்துவிட்டால் போதும் என்று சொல்லி அடக்கினாள்.

"அந்த நாய்களோடவே இருக்கிற ஆளு நீங்களும். வாங்க மதினி, உங்களையும் பார்த்துருவோம்."

துல்மா படுத்தாள். மாதக்கணக்கில் சிரிக்காதவள் அன்றைக்குக் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தாள். "ஐயோ, குளுருதே! மெல்ல வையி! எனக்கும் ஆட்டுக் குட்டி இருக்கா பாரு."

பை எதுவும் இல்லை. ஆனால் ஈரலின் ஓரம் சொரசொரவென்று இருந்தது. யாஞ்சின் கருவியை நகர்த்தினாள். "மதினி, சின்ன வயசுல மஞ்சக் காமாலை வந்துச்சா உங்களுக்கு?"

"பள்ளிக்கூடத்துல வரிசையா நிக்கவச்சு ஒரே ஊசியை எல்லாருக்கும் குத்தினாங்களே, அந்த வருசம். ஏன்?"

"சும்மாதான்."

மேல் மடிப்பில் ஒரு புள்ளி, பட்டாணி அளவு. ஊசி மருந்தை ஏற்றினாள். எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு அந்தப் புள்ளி மின்னியது. அப்புறம் ஈரல் வெளுத்தது, புள்ளி மெல்ல மெல்லக் கறுத்தது. இத்தனை வருடமாக எதைத் தேடி அலைந்தாளோ அதேதான். இதைவிடத் தெளிவாக அவள் ஒரு படமும் எடுத்ததில்லை.

"புழு ஒண்ணும் இல்லே மதினி" என்றாள். சொன்னது பொய்யில்லை. பசையைத் துடைத்துவிட்டாள்.

வெளியே வந்து, டாக்டர்களின் வழக்கப்படி, வீட்டுக்காரனைத் தனியே ஜீப்பின் பின்னால் கூப்பிட்டாள். ஜம்பால் கேட்டான். ஜீப்பின் டயரை உதைக்கக் காலைத் தூக்கினான், வயிற்றுப் பை ஞாபகம் வந்து இறக்கினான்.

"நிச்சயமா?"

"நிச்சயம். ஆனா சின்னது. இந்த அளவுல அகப்படுறதே பெரிசு. சுட்டுப் பொசுக்கிரலாம். ரெண்டு பேரையும் நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லுவேன். மூஞ்சிக்கு நேர சொல்லுவேன்னு சொன்னேன்ல."

உள்ளே போனான். துல்மா கொழுப்பில் சுற்றிய நல்ல ஈரல் துண்டுகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்தான். மூடினான். இன்னொருமுறை திறந்தான். பிறகு அலமாரியிலிருந்து அவனுடைய வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தான். அடுப்பிலிருந்த தேநீரை, மேலே மிதந்த ஆடையோடு சேர்த்து மொண்டு ஊற்றினான். கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் நீட்டினான்.

"குடி, துல்மா. சூடா இருக்கு."

துல்மா கிண்ணத்தைப் பார்த்தாள். அவன் கைகளைப் பார்த்தாள். வாசலில் நின்ற யாஞ்சினைப் பார்த்தாள், யாஞ்சின் தரையைப் பார்த்தாள். துல்மா கிண்ணத்தை வாங்கினாள், வாங்கின வேகத்தில் அவன் முகத்தில் வீசினாள். கொதிக்கிற தேநீர். அவன் மீசையிலிருந்து ஆடை வழிந்தது. கிண்ணம் கூடாரக் கம்பில் பட்டு உருண்டது.

"யோவ்! என்கிட்டயா? கோடை முச்சூடும் நான் உனக்குச் செஞ்ச வேலையை என்கிட்டயே செய்யறியா?" கோத்த கம்பியை ஓங்கிக்கொண்டு எழுந்தாள். "அன்பாப் பேசினே, குத்திருவேன்! சொல்லுய்யா, வாயைத் திறந்து சொல்லு!"

"உனக்குப் புத்து" என்றான் ஜம்பால். "சின்னது. பட்டாணிதான். சுட்டுருவாங்களாம். நெசமாத்தான் சொல்றேன், சுட்டுருவாங்களாம்."

துல்மா கம்பியைத் தாழ்த்தினாள். மூச்சு வாங்கியது. யாஞ்சினைத் திரும்பிப் பார்த்தாள். யாஞ்சின் இந்தத் தடவை அவள் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"நெசம்தான் மதினி."

துல்மா குனிந்து, உருண்டு கிடந்த கிண்ணத்தை எடுத்தாள்.

"ஏசு" என்றாள் துல்மா புருஷனிடம். "எப்பவும்போல ஏசு."

"உப்பு கூடிப்போச்சுடி, சனியனே!" என்று கத்தினான் ஜம்பால். குரல் உடைந்து அழுகையாகப் போயிற்று. "ஒரு நாளாவது ஒழுங்கா உப்புப் போடுறியாடி நீ..."

"போட்டவரைக்கும் குடி" என்றாள் துல்மா. சட்டைக்கையை இழுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு கம்பியை அடுப்பின்மேல் வைத்துவிட்டு, ஜீப்பில் விரித்துக்கொள்ளப் போர்வைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.